செய்தி வாசிப்பாளரும் பொதுவெளி அடையாளமும்: பத்மினி பிரகாஷை முன்வைத்து

முன்னுரை

2014 ஆகஸ்ட் 15 அன்று, கோயம்புத்தூரின் லோட்டஸ் தொலைக்காட்சியில் பத்மினி பிரகாஷ் இரவு 7 மணிச் செய்தியை வாசித்தார். நாள்தோறும் செய்தி வாசிக்கும் இந்தியாவின் முதல் திருநங்கை என ஊடகங்கள் அவரை அறிமுகப்படுத்தின. செய்தியை வாசித்தவரே செய்தியான இந்நிகழ்வின் பொருளை இக்கட்டுரை விளக்க முற்படுகிறது.

பின்புலம்

தமிழ்நாட்டில் திருநங்கைகளுக்கான நல வாரியம் 2008இல் அமைக்கப்பட்டது. மூன்றாம் பாலினத்தவரைச் சட்டப்படி ஏற்கும் தீர்ப்பை உச்ச நீதிமன்றம் 2014 ஏப்ரல் 15 அன்று வழங்கியது. அதற்குச் சரியாக நான்கு மாதங்களுக்குப் பின்னரே பத்மினி திரையில் தோன்றினார். சட்டம் உரிமையை அறிவிக்கலாம். அன்றாடப் புழக்கமே அதனை இயல்பாக்கும். பரதநாட்டியம் பயின்ற பத்மினிக்கு மேடை புதிதன்று. செய்தி மேசையே புதிது.

இருவகைத் தோற்றம்

திருநங்கை ஒருவர் தமிழ்த் தொலைக்காட்சியில் நிகழ்ச்சி நடத்துவது அதற்கு முன்பே நிகழ்ந்துள்ளது. 2008இல் விஜய் தொலைக்காட்சியில் ‘இப்படிக்கு ரோஸ்’ உரையாடல் நிகழ்ச்சியை ரோஸ் வெங்கடேசன் நடத்தினார். அவ்வகை நிகழ்ச்சியில் நடத்துநரின் ஆளுமையே நிகழ்ச்சிக்கு வலிமை சேர்க்கிறது. தலைப்பிலேயே அவர் பெயர் இடம்பெறுகிறது. செய்தி வாசிப்போ ‘நான்’ என்னும் சொல்லுக்கு இடமளிக்காத பணி. பிழையற்ற ஒலிப்பு, நிதானம், விருப்பு வெறுப்பற்ற தொனி ஆகியவையே அதன் தகுதிகள். தம்மைப் பற்றிப் பேசுவதற்கு மட்டும் அழைக்கப்பட்டு வந்த ஒரு சமூகத்தைச் சேர்ந்தவர், ஊரைப் பற்றியும் நாட்டைப் பற்றியும் அனைவருக்கும் அறிவிக்கும் இடத்தில் அமர்ந்தார். இம்மாற்றமே இங்குக் கருதத்தக்கது.

‘முதல்’ என்னும் அடைமொழி

பாகிஸ்தானில் மார்வியா மாலிக் (2018), வங்கதேசத்தில் தஷ்னுவா ஆனன் ஷிஷிர் (2021) ஆகியோரும் தத்தம் நாட்டின் முதல் திருநங்கைச் செய்தி வாசிப்பாளர்களாகப் போற்றப்பட்டனர். இவ்விருவருக்கும் முன்னதாக, தலைநகர் சென்னையிலன்றிக் கொங்கு வட்டாரத் தொலைக்காட்சி ஒன்றில் இது நிகழ்ந்தமை குறிப்பிடத்தக்கது. எனினும், ‘முதல்’ என்னும் அடைமொழி முதல் நாளை மட்டுமே பதிவு செய்கிறது. இரண்டாம் நாள், நூறாம் நாள் வாசிப்பை அது கணக்கில் கொள்வதில்லை. வாசிப்பாளரின் பணித்திறன் வெளிப்படுவதோ அந்நாள்களில்தான்.

முடிவுரை

பத்மினி பிரகாஷுக்குக் கிடைத்த புகழ் அவரது அடையாளத்தால் வந்தது. அவர் ஏற்ற பணியோ அடையாளத்தைப் பின்னிறுத்துவது. இம்முரணே அவரது பொதுவெளி இருப்பின் மையம். நேயர் வாசிப்பவரை மறந்து செய்தியைக் கேட்கும் கணத்திலேயே அவரது வெற்றி முழுமை பெறுகிறது. ஆகவே நாமக்கல், சேலம், கோவை உள்ளிட்ட மாவட்டங்களின் ஊடகங்களை ஆய்வோர், நேர்காணல்களோடு நில்லாது, வட்டாரத் தொலைக்காட்சிகளின் அன்றாடச் செய்தியறிக்கைகளையும் தொகுத்து ஆராய்தல் வேண்டும்.