படம் போகிற வேகத்தில் குழந்தை போகுமா?

குறைமாதத்தில் பிறந்த குழந்தையை இன்குபேட்டரில் வைத்துக் காப்பாற்றிவிடுகிறோம். எடை ஏறுகிறது, பால் குடிக்கிறது, தாயும் சேயும் வீட்டுக்குப் போகிறார்கள். ஆர்.ஓ.பி. என்று டாக்டர்கள் சொல்லும் விழித்திரைக் கோளாறு பல குழந்தைகளுக்கு அந்த வாரங்களில்தான் முற்றுகிறது. விழித்திரையின் ரத்தக் குழாய்கள் ஓரம்வரை வளர்ந்து முடிய ஏறக்குறைய முழு கர்ப்பகாலமும் வேண்டும். முன்கூட்டியே பிறந்த குழந்தைக்கு அந்த வளர்ச்சி பாதியில் நின்றுவிடுகிறது. பிறகு தாறுமாறாக முளைக்கும் புதுக் குழாய்கள் விழித்திரையையே பிய்த்து இழுத்துவிடக்கூடும். வெளியிலிருந்து பார்த்தால் கண் நன்றாகத்தான் இருக்கும். கருமணியில் வெள்ளை தெரிந்து பெற்றோர் ஓடிவரும்போது பெரும்பாலும் காலம் கடந்திருக்கும். அதனால்தான் 34 வாரத்துக்கு முன்னாலோ, 2 கிலோவுக்குக் குறைவாகவோ பிறந்த எல்லாக் குழந்தைகளுக்கும் 30 நாளுக்குள் விழித்திரைப் பரிசோதனை வேண்டும், மிகச் சிறிய குழந்தைகளுக்கு இன்னும் முன்பே வேண்டும் என்கின்றன இந்திய வழிகாட்டுதல்கள்.

நம் நாட்டில் ஆண்டுக்குச் சுமார் 30 லட்சம் குழந்தைகள் குறைமாதத்தில் பிறக்கின்றன. அத்தனை பேருக்கும் இந்தப் பரிசோதனை தேவைப்படாது என்றாலும், தேவைப்படுகிறவர்களைப் பார்க்கப் பழகிய கண் மருத்துவர்கள் மிகச் சிலர். அவர்களும் பெருநகரங்களில் இருக்கிறார்கள். தொலைமருத்துவம் கைகொடுத்த இடம் இது. கர்நாடகத்தில் 2008-ல் தொடங்கிய ஒரு திட்டத்தில், பயிற்சி பெற்ற டெக்னீஷியன்கள் கேமராவை வண்டியில் ஏற்றிக்கொண்டு மாவட்டம் மாவட்டமாகப் போனார்கள். சொட்டு மருந்து விட்டுக் கருமணியை விரித்துப் படமெடுத்து, சிவப்பு, ஆரஞ்சு, பச்சை என்று அவர்களே தரம் பிரித்தார்கள். நிபுணர் தம் கைபேசியில் படத்தைப் பார்த்து முடிவு சொன்னார். டாக்டர் நேரில் பார்க்காமல் இதெல்லாம் சரிவருமா என்ற சந்தேகத்துக்கு, 1,257 குழந்தைகளை வைத்து நடந்து 2014-ல் வெளியான வட அமெரிக்க ஆய்வு பதில் தந்தது. நிபுணர் கவனிக்க வேண்டிய அளவுக்கு நோய் இருந்தவர்களில் 90 சதவீதம் பேரை, மருத்துவரல்லாத, பயிற்சி பெற்ற ஆட்கள் படத்தை வைத்தே கண்டுபிடித்தார்கள். விழித்திரையின் கடைக்கோடி படத்தில் சரியாக விழாது என்ற ஆட்சேபம் உண்மைதான். ஆனால் பார்க்கவே ஆளில்லாத ஊரில் அதைப் பெரிதுபடுத்த முடியாது.

நம்மை உறுத்த வேண்டிய கேள்வி வேறு. சிகிச்சை தேவை என்று தெரிந்தால் 48 முதல் 72 மணி நேரத்துக்குள் அதைச் செய்தாக வேண்டும். படம் சில நொடியில் நகரத்துக்குப் போய்விடுகிறது. ஒன்றரைக் கிலோக் குழந்தை எப்படிப் போகும்? ஒருமுறை பார்த்தால் போதும் என்பதும் கிடையாது. ரத்தக் குழாய்கள் ஓரத்தைத் தொடும்வரை வாரம் ஒருமுறையோ இரண்டு வாரத்துக்கு ஒருமுறையோ பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். அதற்குள் டிஸ்சார்ஜ் ஆகிவிடுகிறது. பிரசவமான பெண் தாய்வீட்டில் இருப்பாள். மருத்துவமனைப் பதிவேட்டில் புகுந்த வீட்டு முகவரி இருக்கும். கொடுத்த எண் கணவருடையது, அவர் வெளியூரில் வேலையில் இருப்பார். சிவப்பு என்று குறிக்கப்பட்ட படத்துக்குரிய குழந்தை எந்த ஊரில் இருக்கிறது என்றே தெரியாமல் போனால், அந்தப் படம் யாருக்கு உதவியது? எத்தனை படம் எடுத்தோம் என்ற கணக்கு அறிக்கைகளில் பெருமையாக நிற்கிறது. சிவப்பு விழுந்தவர்களில் எத்தனை பேருக்கு மூன்று நாளுக்குள் லேசர் சிகிச்சை கிடைத்தது என்பதையே முதல் கணக்காகக் கேட்க வேண்டும்.

பெற்றோரின் அலட்சியத்துக்கு மருத்துவம் என்ன செய்யும் என்று சிலர் கேட்கிறார்கள். ஒளிபொருந்திய கண்ணோடு இருக்கும் பிள்ளையை, பஸ் மாறி மாறி, ஒருநாள் கூலியை விட்டு, தொற்றுக்குப் பயந்துகொண்டே தூக்கிவர வேண்டும். எதற்காக என்பதை யாரும் உட்கார்த்தி வைத்துச் சொன்னதில்லை. அப்படிச் சொல்லாமல் விட்டதற்குச் சட்டமே பதில் சொல்லியிருக்கிறது. 1996-ல் சென்னையில் குறைமாதத்தில் பிறந்து, இந்தப் பரிசோதனை இல்லாமலே வீட்டுக்கு அனுப்பப்பட்டுப் பார்வை இழந்த பெண் குழந்தைக்காக, சுமார் 1.8 கோடி ரூபாய் இழப்பீடு தர 2015-ல் தீர்ப்பானது. பத்தொன்பது ஆண்டுகள் கழித்து வந்த பணம் அது.

ஆகவே கேமரா போகிற ஊருக்கு லேசரும் போக வேண்டும். வண்டியில் எடுத்துச்செல்லத் தக்க லேசர் கருவிகள் இருக்கின்றன. குழந்தையை அலையவிடாமல் அங்கேயே சிகிச்சை தர முடியும் என்பதைக் கர்நாடகம் செய்தும் காட்டியது. கண்ணுக்குள் போடும் ஊசி எளிது, அதைப் போட்டு அனுப்பிவிடலாம் என்ற பேச்சு இப்போது பரவிவருகிறது. ஊசிக்குப் பிறகு நோய் சில மாதம் கழித்தும் திரும்பலாம். லேசர் போட்ட குழந்தையைவிட இந்தக் குழந்தையை நெடுநாள் பின்தொடர வேண்டும். குழந்தைகளைத் தொலைத்துக்கொண்டிருக்கும் ஏற்பாட்டில் ஊசி ஆபத்தையே கூட்டும். தமிழ்நாட்டில் ஒவ்வொரு கர்ப்பிணிக்கும் பிக்மி என்ற கர்ப்பப் பதிவு எண் இருக்கிறது, ஊர்களைக் கவனிக்கக் கிராம சுகாதார செவிலியர்கள் இருக்கிறார்கள். டிஸ்சார்ஜ் சீட்டில் அடுத்த கண் பரிசோதனைத் தேதியோடு, தாய் அடுத்த இரண்டு மாதம் இருக்கப்போகும் ஊரின் பெயரையும் எழுதி, சிவப்பு விழுந்த அன்றே அந்த ஊர்ச் செவிலியருக்குத் தகவல் போக வைப்பதற்குப் புதுக் கருவி எதுவும் வாங்க வேண்டியதில்லை. அடுத்த கேமராவுக்குப் பணம் ஒதுக்குமுன் இதைச் செய்யலாம்.