பட்டாள லாரியின் கணப்பு

குளிர் மனிதரை நடுக்குவதோடு நில்லாது, இரும்பையும் முடக்கிவிடும். அமெரிக்கப் படையில் 1950-இல் பணிக்கு வந்த எம்-35 என்னும் இரண்டரை டன் லாரியை நோக்குவோம். உறைபனியில் அதன் எஞ்சின் எண்ணெய் கெட்டிப்படும். 24 வோல்ட் மின்சாரம் தரும் இரு பாட்டரிகளும் வலுவிழக்கும். ஆகவே, துருவக் குளிருக்கென அமைந்த கணப்புச் சாதனம் எரிபொருளை எரித்து, எஞ்சினைக் குளிர்விக்கும் திரவத்தையே சூடேற்றி, எஞ்சினுக்கும் பாட்டரிப் பெட்டிக்கும் செலுத்திற்று. ஓட்டுநர் அறைக்கு வேறொரு கணப்பு உண்டு.

இப்பழைய லாரிகளை இன்று பேணும் அன்பர்கள் முதலில் புகைக்குழாயைச் சோதிக்க வேண்டும். துருப்பிடித்த குழாய் கசிந்தால் கார்பன் மோனாக்ஸைடு உள்ளே புகும். அதற்கு நிறமில்லை, மணமில்லை. உறக்கம்போல் வந்து உயிரைக் கவரும். வடநாட்டுக் குளிரில் கதவடைத்து அங்கீட்டி மூட்டும் நாமும் இதனை மறத்தலாகாது.