ஐந்து பைசாவுக்கு முப்பது பெட்டி

1970-களில் கோவில்பட்டியில் வளர்ந்த எங்களுக்குக் காசின் அருமையைச் சொல்லிக்கொடுத்தது தீப்பெட்டிதான். தீப்பெட்டி ஆபீஸிலிருந்து மெல்லிய மரச்சீவலும் தாளும் வீட்டுக்கு வரும். அம்மாவும் அத்தையும் பசை காய்ச்சி, திண்ணையில் உட்கார்ந்து பெட்டி ஒட்டுவார்கள். 144 பெட்டி சேர்ந்தால் ஒரு குரோஸ். அதற்கு எங்கள் தெருவில் கிடைத்த கூலி நாலணாவைத் தாண்டாது.

பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் நாங்களும் உட்காருவோம். மிட்டாய்க்குக் காசு கேட்டால், "ஏட்டி, இன்னும் முப்பது பெட்டி ஒட்டிட்டுக் கடைக்குப் போ" என்பாள் அம்மா. அந்தச் சதுர அலுமினிய ஐந்து பைசாவுக்குச் சரியான விலை அது. வெல்லப் பாகு மணக்கும் கடலை மிட்டாய், காரமும் புளிப்புமாக இலந்தைவடை, சிவப்புக் குச்சி ஐஸ். மூன்றில் ஒன்றுதான் வாங்க முடியும் என்பதால், கடை வாசலில் நெடுநேரம் யோசிப்போம்.

ஆச்சிக்குக் கடைசிவரை அணாக் கணக்குதான். 1957 ஏப்ரல் 1-ல் நயா பைசா வந்தபோது ஓரணாவுக்கு 6 பைசா, நாலணாவுக்கு 25 பைசா என்று வைத்தார்கள். தனித்தனியாக நான்கு ஓரணாவை மாற்றினால் 24 பைசாதான். அந்த ஒரு பைசா எங்கே போனது என்று பல வருடம் கழித்தும் கேட்பாள். எங்கள் வீட்டில் ஒரு பைசா என்றால் ஆறு பெட்டி. ஆச்சி கேட்டது நியாயம்.

நாலணாவும் அதற்குக் கீழான காசுகளும் 2011 ஜூன் 30 முதல் செல்லாமல் போயின. எங்கள் ஊர்க் கடலை மிட்டாய்க்கு 2020-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. 2021 டிசம்பரில் தீப்பெட்டி இரண்டு ரூபாயானது. தீப்பெட்டித் தொழிலில் குழந்தைகளை வேலைக்கு வைக்க 1986-லேயே சட்டம் தடை போட்டது. என் பேத்தியின் விரலில் பசை ஒட்டாததில் எனக்கு நிறைந்த சந்தோஷம்.

"அந்தக் காலத்தில் எல்லாமே மலிவு" என்று என் வயதுக்காரர்கள் சொல்லும்போது மனசு ஒப்புவதில்லை. சம்பளம் வாங்கிய வீட்டுக்கு மலிவாக இருந்திருக்கலாம். பெட்டி ஒட்டிய வீட்டில் ஐந்து பைசா மிட்டாய் மலிவில்லை. பேரப்பிள்ளைகளுக்குப் பழைய விலையைச் சொல்லுங்கள். கூடவே, அந்தக் காசுக்கு யார் எவ்வளவு நேரம் உழைத்தார்கள் என்பதையும் சொல்லுங்கள்.