காணாத நகரை வரைதல்: தெருக்காட்சிப் படங்களும் பேராக் தோட்டங்களும்

தாம் காணாத நகரை வருணிப்பது தமிழ்க் காப்பிய மரபுக்குப் புதிதன்று. கம்பர் நாட்டுப்படலத்திலும் நகரப்படலத்திலும் கோசலத்தையும் அயோத்தியையும் விரித்துரைக்கிறார். அக்கோசலத்தில் காவிரிச் சமவெளியின் வயலும் வாய்க்காலும் தென்படுவதை ஆய்வாளர் பலர் சுட்டியுள்ளனர். ஓவியத்துறையிலும் இதற்கு இணையுண்டு. பிரெஞ்சு ஓவியர் மோரிஸ் உத்ரிலோ, பாரிசின் மோன்மார்த்ர் தெருக்களை அஞ்சலட்டைப் படங்களைப் பார்த்தும் வரைந்தார். இன்று அவ்வட்டையின் இடத்தைக் கூகுள் நிறுவனம் 2007ஆம் ஆண்டு அமெரிக்காவில் தொடங்கிய 'ஸ்ட்ரீட் வியூ' என்னும் தெருக்காட்சிச் சேவை பிடித்துள்ளது. ஈப்போவில் அமர்ந்தவாறே லிஸ்பன் நகரத் தெருவொன்றை வரைந்துவிடலாம்.

எனினும் இப்படங்கள் கண் காணும் காட்சியல்ல. வாகனத்தின் கூரைமேல் உயர்த்திப் பொருத்திய கருவி, பல வில்லைகளால் சுற்றிலும் படமெடுக்கிறது. அவை ஒரே கோளமாக ஒட்டப்பட்டு, அதன் ஒரு பகுதியே திரையில் தட்டையாக விரிக்கப்படுகிறது. சமதரையில் நிற்கும் ஒருவர் பார்க்கையில், எதிரே நிற்போரின் தலைகள் ஏறத்தாழத் தொடுவானக் கோட்டில் அமையும். கருவி உயரத்தில் இருப்பதால் இப்படங்களில் அவை அக்கோட்டிற்குக் கீழே இறங்கிவிடுகின்றன. அப்படியே படியெடுத்த ஓவியத்தில், பார்ப்பவர் தெருவில் நிற்பதாகத் தோன்றாமல் தெருவுக்கு மேலே மிதப்பதாகத் தோன்றுவது இதனால்தான். அகன்ற கோணம் அருகிலுள்ளதைப் பெருக்கித் தொலைவிலுள்ளதைச் சுருக்கும். ஈப்போவின் கடைவீடுகளுக்குப் பின்னால் ஓங்கி நிற்கும் சுண்ணாம்புக் குன்றுகள் திரையில் சிறு மேடுகளாகிவிடுகின்றன. நண்பகல் வெயிலில் எடுத்த படத்தில் ஐந்தடி நடைபாதையின் நிழல் கரும்பட்டையாகிறது. நேரில் சென்றாலோ அந்நிழலுக்குள் பூக்கடையும் நாற்காலியும் தெரியும். மனிதர் முகங்களும் மங்கலாக்கப்பட்டிருக்கும். ஊரை முன்பே அறிந்தவர் இவற்றைத் திருத்திக்கொள்வார். அறியாதவர் பிழையையே ஊரெனக் கொள்வார்.

எந்த ஊர் இவ்வாறு பார்க்கக் கிடைக்கிறது என்பதும் எண்ணத்தக்கது. இந்தியாவில் 2011இல் பெங்களூரில் தொடங்கிய பணி தடைப்பட்டது. 2022 ஜூலையில்தான் சென்னை உள்ளிட்ட பத்து நகரங்களுடன் அச்சேவை மீண்டும் வந்தது. ஆக, பாரிஸ் தெருக்கள் திரைக்கு வந்து பல்லாண்டுகள் கழித்தே, நம் முன்னோர் பலர் கப்பலேறிய சென்னையின் தெருக்கள் வந்தன.

பேராக்கின் பழைய ரப்பர்த் தோட்டங்களின் நிலை இதனினும் கடினமானது. வாகனம் பொதுச்சாலையில் ஓடுவது. தோட்டத்துச் செம்மண் சடக்குகளோ தனியார் நிலத்தில் இருந்தவை. மேலும், 1950களிலும் 1960களிலும் நிகழ்ந்த தோட்டத் துண்டாடலில் தொடங்கிய சிதைவு, செம்பனைப் பயிரீட்டாலும் வீடமைப்புத் திட்டங்களாலும் தொடர்ந்தது. சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் வீ.தி.சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை நிறுவியது இத்துண்டாடலை எதிர்கொள்வதற்கே. அவ்வாகனம் மலேசியச் சாலைகளுக்கு வந்ததோ 2010க்குப் பின்னர். பழைய ஆண்டுகளின் படங்களைக் காட்டும் வசதி 2014இல் சேர்க்கப்பட்டும், வாகனம் வருமுன் அழிந்த லயத்தை அது காட்ட இயலாது. இடம்பெயர்ந்த தமிழ்ப்பள்ளியின் பெயர்ப்பலகையில் மட்டும் தோட்டத்தின் பெயர் எஞ்சியிருப்பதை நாம் அறிவோம்.

ஆகவே, தொலைதூர நகரங்களை வரைவது மாணவர்க்கு நல்ல பயிற்சியே என்றாலும், தோட்டத்தை வரைய வேறு வழி வேண்டும். பிற தோட்டப் புகைப்படமொன்றைக் கொண்டு நிரப்பினால் கோசலத்தில் காவிரி பாய்ந்த கதைதான். காப்பியத்தில் அது அழகு, ஆவணத்தில் அது பிழை. அங்கு வாழ்ந்தோரை முதலில் தரையமைப்பை வரையச் சொல்லலாம்: பிரட்டுக்களம், கிணறு, கோயில், கள்ளுக்கடை, மேட்டிலிருந்த துரை பங்களா. பின்னர், ஓவியர் வரைந்த முன்வரைவை அவர்களிடமே காட்டித் திருத்தலாம். இருவர் நினைவு முரண்பட்டால் இரண்டையும் தனித்தனியே வரைந்து வைப்பது நன்று. ஒவ்வொரு படத்தின் பின்புறத்திலும் அது எந்த ஆண்டின் தோட்டம் என்பதும் யார் நினைவிலிருந்து பெற்றது என்பதும் எழுதப்பட வேண்டும். அத்தாப்புக் கூரையா, தகரக் கூரையா என்பதை அவ்வாண்டைக் கொண்டே ஓவியர் முடிவுசெய்ய இயலும்.