சந்திரா எக்ஸ்-கதிர் வானாய்வகமும் விண்மீன் பேரடைகளின் உருவாக்கமும்

சந்திரா எக்ஸ்-கதிர் வானாய்வகம் என்பது 1999 சூலை 23 அன்று கொலம்பியா விண்ணோடத்தின் மூலம் நாசா விண்ணில் செலுத்திய தொலைநோக்கி ஆகும். விண்மீன் பேரடைகள் எவ்வாறு உருவாகின்றன, அவற்றுள் பெரியவை ஒரு கட்டத்திற்கு மேல் ஏன் வளர்வதில்லை என்னும் இரு வினாக்களில் இத்தொலைநோக்கி தந்த சான்றுகள் முக்கியமானவை. இக்கட்டுரை அவற்றை மட்டும் விளக்குகின்றது.

பெயர்

இலாகூரில் பிறந்து, சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்ற வானியற்பியலாளர் சுப்பிரமணியன் சந்திரசேகரின் (1910–1995) பெயரே இதற்குச் சூட்டப்பட்டுள்ளது. வெண் குறுமீன் ஒன்றின் நிறை சூரியனைப் போல் ஏறத்தாழ 1.4 மடங்கைத் தாண்ட இயலாது என்னும் முடிவுக்கு வழிவகுத்த கணக்கீட்டை அவர் 1930இல் இங்கிலாந்து சென்ற கப்பலில் தொடங்கினார். 1983இல் நோபல் பரிசு பெற்றார். பொதுமக்களிடையே போட்டி நடத்தப்பட்டு, 1998இல் பெயர் அறிவிக்கப்பட்டது.

மலையுச்சி ஏன் போதாது?

எக்ஸ்-கதிர்களை வளிமண்டலம் முழுவதுமாக உறிஞ்சிவிடுகின்றது. உயிர்களுக்கு இது நன்மை, வானியலாளருக்கோ தடை. கோத்தகிரி கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,800 மீட்டர் உயரத்தில் உள்ளது. நீலகிரியின் உயர்ந்த சிகரமான தொட்டபெட்டாவின் உயரம் 2,637 மீட்டர். அங்கிருந்து நோக்கினாலும் விண்ணின் எக்ஸ்-கதிர் ஒன்றும் எட்டாது. 1962இல் ஏவூர்தி ஒன்றில் கருவியை அனுப்பியே சூரிய மண்டலத்திற்கு அப்பாலிருந்து வரும் எக்ஸ்-கதிர்களை முதன்முதலாகக் கண்டறிந்தனர். அக்குழுவின் ரிக்கார்டோ சியாக்கோனி 2002இல் நோபல் பரிசு பெற்றார்.

எக்ஸ்-கதிர் ஒளியைப் போன்று எளிதில் எதிரொளிக்காது. நேராக விழுந்தால் ஆடிக்குள் புதைந்துவிடும். நீர்ப்பரப்பின் மீது சாய்வாக எறிந்த கல் தத்திச் செல்வதுபோல், மிகச் சிறு கோணத்தில் உரசிச் சென்றால் மட்டுமே திசைமாறும். எனவே சந்திராவின் ஆடிகள் தட்டு வடிவில் அல்லாது, ஒன்றினுள் ஒன்றாகச் செருகிய நான்கு இணைக் குழல்களாக, இரிடியம் பூசப்பட்டு அமைந்துள்ளன. நீள்வட்டப் பாதையில் பூமியை ஒருமுறை சுற்ற இதற்கு ஏறத்தாழ 64 மணி நேரம் ஆகின்றது.

வளிமம் குளிர்தல்

ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் பள்ளத்தாக்கிலிருந்து கோத்தகிரிச் சரிவுகளில் மேலேறும் ஈரக்காற்று குளிர்ந்து, தேயிலைத் தோட்டங்களின் மேல் மூடுபனியாகத் திரள்வதைக் காணலாம். குளிராத காற்றில் மூடுபனி உண்டாவதில்லை. வேறு விதிகளின்படியே எனினும், பேரடைகளுக்கும் இத்தகைய நிபந்தனை ஒன்று உண்டு. கரும்பொருளின் ஈர்ப்பால் இழுக்கப்படும் வளிமம் விழும்போது சூடேறுகின்றது. அது வெப்பத்தை இழந்து சுருங்கினால்தான் விண்மீன்கள் பிறக்கும்.

ஆயிரக்கணக்கான பேரடைகள் சேர்ந்த பேரடைக் கொத்துகளில் இவ்வளிமத்தின் வெப்பநிலை பல கோடி பாகையை எட்டும். அடர்த்தியோ மிகக் குறைவு: கன மீட்டருக்கு ஆயிரம் துகள்கள் என்னும் அளவினது. ஆயினும் கொத்தின் விண்மீன்கள் அனைத்தையும் கூட்டினாலும் இதன் நிறை பல மடங்கு அதிகம். சாதாரணத் தொலைநோக்கிக்கு இது புலப்படுவதில்லை, எக்ஸ்-கதிரில்தான் ஒளிர்கின்றது. அவ்வாறு ஒளிர்வதே அது வெப்பத்தை இழப்பதாகும்.

இங்குதான் சிக்கல் எழுந்தது. கொத்துகளின் மையத்தில் வளிமம் விரைவாகக் குளிர்ந்து, சிலவற்றில் ஆண்டுதோறும் நூற்றுக்கணக்கான சூரியன்களுக்குரிய நிறை திரள வேண்டும் என்று கணக்கிடப்பட்டது. அவ்வளவு புதிய விண்மீன்கள் அங்கே காணப்படவில்லை. 1999 திசம்பரில் ஏவப்பட்ட ஐரோப்பாவின் எக்ஸ்எம்எம்-நியூட்டன் தொலைநோக்கியின் நிறமாலைகளும், எதிர்பார்த்த அளவு குளிர்ந்த வளிமம் இல்லை என்று காட்டின. இழந்த வெப்பத்தை ஏதோ ஒன்று ஈடுசெய்கின்றது.

பெர்சியஸ் கொத்து

ஏறத்தாழ 25 கோடி ஒளியாண்டுத் தொலைவிலுள்ள பெர்சியஸ் கொத்தின் வளிமத்தில் பெரும் குமிழ்கள் போன்ற வெற்றிடங்கள் உள்ளன. மையப் பேரடையின் கருங்குழி அருகிலிருந்து பாயும் தாரைகள் ஊதியவை இவை. எக்ஸ்-கதிரில் வெறுமையாகத் தோன்றும் இக்குமிழ்கள், வானொலி அலைகளில் ஒளிர்கின்றன. 2003இல் சந்திராவின் படங்களில் குமிழ்களைச் சூழ்ந்த அலைவரிகளும் தெரிந்தன. இவை ஒலியலைகள் என விளக்கப்பட்டன. ஓர் அதிர்வுக்கு ஏறத்தாழ ஒரு கோடி ஆண்டுகள் ஆகும்.

கருங்குழியை விழுங்கும் பொருளாகவே அறிந்தவர்க்கு இது வியப்பளிக்கலாம். மையத்தில் வளிமம் குளிர்ந்தால் கருங்குழிக்கு இரை கிட்டுகின்றது. இரை கிட்டினால் தாரை எழுகின்றது. தாரை வளிமத்தை மீண்டும் சூடாக்குகின்றது. பேரடையின் வளர்ச்சி இவ்வாறு தடைப்படுகின்றது. வெப்பம் வளிமத்தில் பரவும் முறை ஒலியலையா, கொந்தளிப்பா என்பதில் இன்னும் கருத்தொற்றுமை இல்லை. 2016இல் சப்பானின் இட்டோமி செயற்கைக்கோள், பெர்சியஸ் வளிமத்தின் கொந்தளிப்பு வேகம் நொடிக்கு ஏறத்தாழ 164 கிலோமீட்டரே என அளந்தது. சில வாரங்களிலேயே அக்கோள் செயலிழந்தது பேரிழப்பு.

முத்தோரையும் ஒபியூக்கசும்

எக்ஸ்-கதிருக்குப் பயன்படாத நீலகிரி, வானொலி அலைகளுக்கு மிகவும் ஏற்றது. உதகைக்கு அருகே முத்தோரையில், கோவிந்த் சுவரூப் (1929–2020) தலைமையில் 1970இல் 530 மீட்டர் நீளமும் 30 மீட்டர் அகலமும் கொண்ட வானொலித் தொலைநோக்கி அமைக்கப்பட்டது. அவ்விடத்தின் அகலாங்கும் மலைச்சரிவின் சாய்வும் ஏறத்தாழ 11 பாகையாக ஒத்திருப்பதால், அதன் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாக உள்ளது. நிலவு மறைக்கும் நேரத்தைக் கொண்டு, தாரைகளை உமிழும் தொலைதூரப் பேரடைகளின் கோண அளவுகளை இது அளந்தது. அண்டம் காலப்போக்கில் மாறிவருகின்றது என்பதற்கு அவ்வளவுகள் சான்றாயின. பின்னர் சுவரூப் புனேவுக்கு அருகே கோடத்தில் 45 மீட்டர் விட்டமுள்ள 30 தட்டுகளைக் கொண்ட மாபெரும் மீட்டரலைத் தொலைநோக்கியை உருவாக்கினார்.

39 கோடி ஒளியாண்டுத் தொலைவிலுள்ள ஒபியூக்கஸ் கொத்தின் வளிமத்தில் வளைந்த விளிம்பு ஒன்றைச் சந்திராவின் படங்கள் காட்டின. 2016இல் இதை ஆய்ந்தோர், இது குமிழின் விளிம்பாயின் தேவைப்படும் ஆற்றல் நம்பத்தக்கதன்று எனக் கைவிட்டனர். ஆத்திரேலியாவிலும் கோடத்திலும் பதிந்த வானொலித் தரவுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, விளிம்பிற்கு அப்பால் வானொலி உமிழ்வு நிறைந்திருந்தது. கைவிட்ட விளக்கமே சரியென 2020இல் அறிவிக்கப்பட்டது. அதுவரை அறியப்பட்ட மிகப்பெரிய வெடிப்பைவிட இதன் ஆற்றல் ஏறத்தாழ ஐந்து மடங்கு. எக்ஸ்-கதிர்ப் படம் மட்டும் இருந்திருந்தால் ஐயம் நீங்கியிராது.

இந்தியாவின் அசுட்ரோசாட் 2015 செப்டம்பர் 28 அன்று சிறீகரிக்கோட்டாவிலிருந்து ஏவப்பட்டது. அதன் எக்ஸ்-கதிர்த் தொலைநோக்கியின் கூர்மை சந்திராவைவிடக் குறைவு. பேரடை ஆய்வில் அக்கோளின் பெயர் பெற்ற கண்டுபிடிப்பு, 930 கோடி ஒளியாண்டுத் தொலைவிலுள்ள பேரடையின் புறஊதா ஒளியைப் பதிந்ததாகும் (2020).

முதற் கருங்குழிகள்

பேரடை முந்தியதா, கருங்குழி முந்தியதா? 2023இல் சந்திராவும் சேம்சு வெப் தொலைநோக்கியும் இணைந்து, பெருவெடிப்பிற்கு 47 கோடி ஆண்டுகளுக்குப் பிந்தைய யூஎச்இசட்1 என்னும் பேரடையில் கருங்குழியைக் கண்டறிந்தன. இடையிலுள்ள ஏபெல் 2744 கொத்தின் ஈர்ப்பு உருப்பெருக்கியாக உதவியது. இக்கருங்குழியின் நிறை, அப்பேரடையின் விண்மீன்கள் அனைத்தின் நிறைக்கும் ஏறத்தாழச் சமம் என மதிப்பிடப்படுகின்றது. நம் காலத்துப் பேரடைகளில் அது ஆயிரத்தில் ஒரு பங்கு அளவே. விண்மீன் இறந்து உண்டாகும் சிறு கருங்குழி இவ்வளவு விரைவில் பெருப்பது கடினம். வளிமத் திரள் நேரடியாகச் சரிந்து பெரிய கருங்குழியாகும் என்னும் கருத்தை ஆராய்ந்தோருள், கோயம்புத்தூரில் பிறந்த யேல் பல்கலைக்கழகப் பேராசிரியர் பிரியம்வதா நடராஜன் குறிப்பிடத்தக்கவர். இத்தகைய பேரடைகள் இருக்கக்கூடும் என அவர் குழு 2017இலேயே கணித்திருந்தது.