கிணற்றுக் கயிறும் சங்கக் கணக்கும்

இம்மாதம் ஒரு கணக்குப் பாடத்தைப் பற்றி எழுதுகிறேன். பக்கத்தைத் திருப்பிவிடாதீர்கள்.

1995 ஒக்ரோபர் முடிவில் யாழ்ப்பாணத்தை விட்டு வெளிக்கிட்டபோது நான் எட்டாம் ஆண்டு. பூச்சியத்துக்குக் கீழேயும் எண்கள் உண்டு என்ற பாடம் அப்போதுதான் தொடங்கியிருந்தது. கொப்பி வீட்டிலேயே கிடந்துவிட்டது. தென்மராட்சியில் மரத்தடியில் மறுபடி படிக்கத் தொடங்கியபோது ஆசிரியர் அடுத்த பாடத்துக்குப் போய்விட்டார். அந்த ஓட்டை அப்படியே கிடந்தது.

போன வருடம் என் மகள் கேட்டாள்: "அம்மா, மறை ஏழோ மறை மூன்றோ பெரிசு?"

"ஏழுதான்" என்றேன்.

"இல்லையம்மா, மூன்றுதான். ரீச்சர் சொன்னவ."

எனக்கு மனம் ஒப்பவில்லை. ஏழாயிரம் ரூபா கடன் பெரிதா, மூவாயிரம் ரூபா கடன் பெரிதா? இரவு படுத்துக்கிடந்து யோசித்தபோதுதான் விளங்கியது, இருவர் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது. மூவாயிரம் கடன்காரி ஏழாயிரம் கடன்காரியைவிட மேலே நிற்கிறாள். ஆகவே மறை மூன்றுதான் பெரிய எண். ஆனால் கடனின் பருமனைக் கேட்டால் ஏழு பெரிது. கூட்டல், கழித்தல் குறியை விட்டுவிட்டுப் பருமனை மட்டும் பார்ப்பதைத்தான் தனிப்பெறுமானம் என்கிறார்கள். மட்டு என்றும் சொல்வதுண்டு. எண்ணின் இருபக்கமும் இரண்டு நிமிர்ந்த கோடுகள் போட்டு எழுதுவார்கள். அந்தக் கோடுகளை 1841இல் பயன்படுத்தியவர் ஜேர்மனியரான வையர்ஸ்ட்ராஸ். அவர் பல வருடங்கள் பள்ளிக்கூட வாத்தியாராக இருந்து, கணக்கோடு உடற்பயிற்சியும் படிப்பித்தவர். கடனை வைத்து விளங்கிக்கொண்டதற்காக நான் வெட்கப்படவுமில்லை. 628ஆம் ஆண்டிலேயே பிரமகுப்தர் நேர் எண்ணைச் செல்வம் என்றும் மறை எண்ணைக் கடன் என்றும் சொல்லித்தான் விதிகளைத் தந்தார்.

மகளுக்குக் கிணற்றடியில் வைத்துச் சொல்லிக்கொடுத்தேன். நிலமட்டம் பூச்சியம். தண்ணீர் 18 அடி கீழே, அது மறை 18. கயிறு வாங்கப் போனால் கடைக்காரரிடம் மறை 18 அடி தாருங்கள் என்று கேட்போமா? கயிற்றுக்குக் குறி கிடையாது, நீளம் மட்டுமே. இனித் தண்ணீர்த் தாங்கி நிலத்திலிருந்து 12 அடி உயரத்தில் இருக்கிறது. தண்ணீரிலிருந்து தாங்கி வரைக்கும் நேராகக் குழாய் விட எத்தனை அடி வேண்டும்? 12இலிருந்து மறை 18ஐக் கழிக்கவேண்டும். விடை 30. கழித்தலும் கழித்தலும் சேர்ந்து ஏன் கூட்டலாகிறது என்பது குழாயைப் பார்த்தால் தெரியும். மேலிருந்து அளந்தாலும் கீழிருந்து அளந்தாலும் அதே 30தான்.

இதையெல்லாம் எழுத வைத்தது எங்கள் சேமிப்புச் சங்கக் கணக்கு. நான் பொருளாளர். வாராவாரம் கையிலிருக்கும் காசைப் புத்தகத்தோடு ஒப்பிடுவோம். ஒரு மாதம் இப்படி வந்தது: முதல் வாரம் 150 ரூபா குறைவு, அடுத்த வாரம் 100 கூட, பிறகு 50 குறைவு, கடைசியில் 100 கூட. கூட்டிப் பார்த்தால் பூச்சியம். "வித்தியாசமில்லை" என்று எழுதிக் கையொப்பம் வைத்தேன். குறியை விட்டுக் கூட்டியிருந்தால் 400 வந்திருக்கும். நாலு வாரத்தில் 400 ரூபாவுக்குப் பிழை விட்டிருக்கிறோம். யாரோ ஒருத்தி கட்டிய காசு பதியப்படவில்லை, யாரோ கட்டாத காசு பதியப்பட்டிருக்கிறது. ஒன்றை ஒன்று மூடிவிட்டது.

அடுத்த மாதம் ஒரே வாரத்தில் 270 ரூபா குறைந்தது. அந்த வாரம் காசு சேர்த்தவர் கணவர் காணாமற்போய் இரண்டு பிள்ளைகளோடு இருக்கும் ஒரு சகோதரி. கதை கிளம்ப எவ்வளவு நேரம்? அடுத்த கூட்டத்துக்கு அவ வரவில்லை.

சங்கக்கடையில் முன்பு கணக்கெழுதிய ஒரு ஐயா சொல்லித்தந்த வழி நினைவுக்கு வந்தது. வித்தியாசம் ஒன்பதால் மீதியின்றிப் பிரிந்தால், இலக்கங்கள் இடம் மாறியிருக்கின்றனவா என்று முதலில் பார்க்கவேண்டும். 85ஐ 58 என்று மாற்றி எழுதினால் வித்தியாசம் 27, அதாவது மூன்று ஒன்பது. எட்டுக்கும் ஐந்துக்கும் இடையில் இருப்பது அதே மூன்று. எந்த இரண்டு இலக்கத்தைப் பக்கத்தில் பக்கத்தில் மாற்றினாலும் இப்படி ஒன்பதின் மடங்குதான் வரும். வேறு காரணத்தாலும் அப்படி வரலாம், ஆனால் தேட ஓர் இடம் கிடைக்கிறது. 270 ஒன்பதால் பிரியும். பற்றுச்சீட்டுகளை எடுத்துப் பார்த்தேன். ஒன்றில் 580. புத்தகத்தில் 850. புத்தகத்தில் எழுதியது நான்.

அவவின் வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். கூட்டத்திலும் எல்லோர் முன்னிலையிலும் சொன்னேன். இரண்டு மாதம் கழித்துத்தான் திரும்ப வந்தா.

இப்போது புத்தகத்தில் இரண்டு நிரல் போட்டிருக்கிறோம், ஒன்றில் குறியுடன், மற்றதில் குறியில்லாமல். போன மாதம் குறியுடன் 10 ரூபா கூட. குறியில்லாமல் 50. அந்த 50ஐ இன்னும் தேடுகிறோம். இம்முறை பற்றுச்சீட்டுக்கட்டு அந்தச் சகோதரியின் கையில் இருக்கிறது.