வெறுப்பு மூளையில் பிறந்ததா, நாம் பழக்கியதா?

“அந்தக் கட்சிக்காரர்களுக்கு மற்ற இனத்தவரைக் கண்டாலே ஆகாது, அது அவர்கள் இரத்தத்திலேயே ஊறியது” என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். அரசியல் கொள்கையும் பிறர்மீதான வெறுப்பும் மூளையிலேயே எழுதப்பட்டவையா?

மூளையின் உட்பகுதியில் பாதாம் பருப்பு வடிவில் ‘அமிக்டலா’ என்ற சிறு உறுப்பு உள்ளது. ஆபத்தோ முக்கியமான ஒன்றோ எதிர்ப்பட்டால் ‘கவனி’ என்று மணியடிப்பது அதன் வேலைகளில் ஒன்று.

லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரி ஆய்வாளர்கள் 90 இளையோரின் மூளையைப் படமெடுத்து, 2011-இல் முடிவை வெளியிட்டனர். பழைமைவாதக் கருத்துடையோருக்கு வலப்பக்க அமிக்டலா சற்றுப் பெரிதாக இருந்தது. நெதர்லாந்தில் 928 பேரிடம் இதை மீண்டும் சோதித்த ஆய்வு 2024-இல் வெளிவந்தது. வேறுபாடு இருந்தது, ஆனால், எள்ளளவுதான்! கொள்கை மூளையை மாற்றியதா, மூளை கொள்கையைத் தந்ததா என்பதையும் இத்தகைய படங்கள் சொல்வதில்லை.

வெறுப்பு ஒரு தரப்புக்கு மட்டும் சொந்தமானதும் அல்ல. வலதுசாரிகள், இடதுசாரிகள் ஆகிய இரு தரப்பினருமே தங்கள் கொள்கைக்கு எதிரானவர்கள் என்று கருதும் கூட்டத்தாரிடம் வெறுப்பு காட்டுவதை உளவியல் ஆய்வுகள் கண்டுள்ளன.

அப்படியானால் அந்த மணியை அடிக்க வைப்பது எது? 2005-இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வொன்றில், முன்பின் அறியாத கறுப்பினத்தவர் முகங்கள் வெள்ளையருக்குக் காட்டப்பட்டன. “இவருக்கு வயது 21-க்கு மேலா?” என்று வகைபிரிக்கச் சொன்னபோது அமிக்டலா கூடுதலாக இயங்கியது. “இவருக்கு இந்தக் காய்கறி பிடிக்குமா?” என்று கேட்டபோது அந்தக் கூடுதல் இயக்கம் காணப்படவில்லை. முகம் அதேதான், பார்த்த விதம்தான் வேறு.

2008-இல் வெளிவந்த மற்றோர் ஆய்வில், இரு இனத்தவரும் கலந்த குழுக்களில் வெள்ளையர் சேர்க்கப்பட்டனர். அமிக்டலா இனம் பார்க்கவில்லை; தன் குழுவினரின் முகங்களுக்கே கூடுதலாக இயங்கியது. அந்தக் குழுவோ சற்றுமுன் உருவாக்கப்பட்டது!

‘நம்மவர்’, ‘மற்றவர்’ என்று பிரித்துப் பார்ப்பது மூளையின் இயல்பு. யார் நம்மவர் என்ற பட்டியலை அது வெளியிலிருந்தே கற்றுக்கொள்கிறது. சாப்பாட்டு மேசையில் அண்டை வீட்டாரைப் பற்றியும் பிற இனத்தவரைப் பற்றியும் நாம் பேசுவதை நம் பிள்ளைகள் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள். “அவர்களே அப்படித்தான்” என்று சொல்லும்முன், அந்த ஒருவரின் பெயரையாவது நாம் கேட்டிருக்கிறோமா?